மின்னஞ்சலில் கோப்பை இணைப்பது எப்படி? முதலில் கோப்பைக் கண்டுபிடியுங்கள்

"எனக்கு அட்டாச்மென்ட் அனுப்பத் தெரியாது" என்று சொல்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் ஒன்று புரியும். பேப்பர் கிளிப் பொத்தானை அவர்கள் சரியாகவே அழுத்துகிறார்கள். உடனே ஒரு சன்னல் திறக்கிறது, அதில் மஞ்சள் நிறத்தில் ஏகப்பட்ட ஃபோல்டர்கள். தேவையான கோப்பு எதில் கிடக்கிறது என்று தெரியாமல் அங்கேதான் கை நின்றுவிடுகிறது. அதனால் மின்னஞ்சலை அப்புறம் திறக்கலாம். முதலில் கோப்பைத் தேடுவோம்.

ஜிமெயிலையும் விண்டோஸ் கணினியையும் வைத்துச் சொல்கிறேன். வேறு மின்னஞ்சல் என்றால் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், வேலை ஒன்றுதான்.

கோப்பு எங்கே?

சமூக மன்றத்தில் தையல் வகுப்பில் சேர ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானையும் ஆங்கில 'ஈ' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் சன்னலின் இடப்பக்கம் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் என்று வரிசையாக இருக்கும். இணையத்திலிருந்து எடுத்தது எதுவானாலும் முதலில் டவுன்லோட்ஸில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கிடைத்துவிட்டதா? அதை ஒருமுறை கிளிக் செய்து எஃப்2 பொத்தானை அழுத்தினால் பெயரை மாற்றலாம். 'ஸ்கேன்0007' என்று வந்தால் பெறுபவருக்கு அது யாருடையது என்றே தெரியாது. 'தையல் வகுப்புப் படிவம் மீனாட்சி' என்று இருந்தால் கேள்வியே வராது. கடைசியாக, கோப்பை இரண்டு முறை கிளிக் செய்து திறந்து, அனுப்ப நினைத்தது இதுதானா என்று பார்த்துவிடுங்கள்.

இணைத்து அனுப்புதல்

ஜிமெயிலில் 'கம்போஸ்' அழுத்துங்கள். பலரும் முதலில் முகவரியைத்தான் எழுதுவார்கள். நான் கடைசியில் எழுதச் சொல்வேன். முகவரி இல்லாத கடிதம் தவறுதலாக 'சென்ட்' அழுத்தினாலும் போகாது.

கீழே உள்ள பேப்பர் கிளிப்பை அழுத்தி, டவுன்லோட்ஸுக்குப் போய், கோப்பைத் தேர்ந்தெடுத்து, 'ஓப்பன்' அழுத்துங்கள். கடிதத்தின் அடியில் கோப்பின் பெயரும் அளவும் தெரியும். பக்கத்தில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தால் கோப்பு இன்னும் ஏறுகிறது என்று பொருள். அது முடியும்வரை பொறுங்கள். தப்பான கோப்பு ஏறிவிட்டால் அதன் ஓரத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் போய்விடும். உங்கள் கணினியில் உள்ள கோப்புக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அனுப்புவது எப்போதும் ஒரு போட்டோகாப்பி மாதிரிதான்.

இப்போது தலைப்பு, இரண்டு வரிக் கடிதம், முகவரி, அனுப்பு. அனுப்பியதும் சன்னலின் கீழ்மூலையில் 'அன்டூ' என்று சில விநாடிகள் தெரியும், அதை அழுத்தினால் கடிதம் திரும்பிவிடும். செட்டிங்ஸில் அந்த நேரத்தை 30 விநாடி வரை நீட்டிக்கொள்ளலாம். சந்தேகம் தீர 'சென்ட்' பெட்டிக்குப் போய், அனுப்பிய கடிதத்தில் உள்ள கோப்பைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் திறந்தால் நல்ல கோப்பு போயிருக்கிறது.

படங்கள் பெரிதாக இருந்தால்

ஜிமெயிலில் ஒரு கடிதத்துக்கு 25 எம்பி (கோப்பின் அளவைச் சொல்லும் அலகு) வரைதான் இணைக்க முடியும். கைப்பேசிப் படம் ஒன்றே 3, 4 எம்பி வரும். பேரனின் பிறந்தநாள் படங்கள் முப்பதையும் தஞ்சாவூர் அக்காவுக்கு ஒரே கடிதத்தில் அனுப்பப் பார்த்தால், ஜிமெயில் அவற்றை இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் கூகல் டிரைவில் ஏற்றிவிட்டு, அழுத்தினால் அங்கே கொண்டுபோகும் லிங்க் ஒன்றைக் கடிதத்தில் வைக்கும். அதில் தவறில்லை. ஆனால் 'யார் பார்க்கலாம்' என்று அது கேட்கும்போது கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் அக்காவால் திறக்கவும் முடியாது.

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அதன் படங்கள் சில பழைய கணினிகளில் திறக்காது. செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மட்ஸ், அதற்குள் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் எல்லா இடத்திலும் திறக்கும் ஜேபெக் வகையில் இருக்கும்.

வந்த கோப்பைத் திறப்பது

கடிதத்தில் உள்ள கோப்பைக் கிளிக் செய்தால் ஜிமெயில் அதைத் திரையில் காட்டும். அது பார்ப்பதற்கு மட்டும். எழுத வேண்டும் என்றால் மேலே உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி டவுன்லோட் செய்ய வேண்டும். எங்கே போனது என்று தெரியவில்லையா? குரோமில் கண்ட்ரோலும் 'ஜே' எழுத்தும் சேர்த்து அழுத்தினால் பட்டியல் வரும்.

பிடிஎஃப் படிவத்தைக் குரோமிலேயே திறந்து நிரப்புபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. நிரப்பி முடித்து, மறுபடியும் அம்புக்குறியை அழுத்தும்போது, மாற்றங்களுடன் சேமிக்கவா, மாற்றங்கள் இல்லாமலா என்று குரோம் கேட்கும். 'மாற்றங்களுடன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு கிளிக்கை விட்டால் மணிக்கணக்கில் நிரப்பிய படிவம் மன்றத்துக்கு வெறுமையாகப் போய்ச் சேரும். அவர்களும் மரியாதையாக, "ஐயா, படிவம் காலியாக இருக்கிறது" என்று பதில் எழுதுவார்கள்.

வந்த கோப்பை இன்னொருவருக்கு அனுப்ப 'ரிப்ளை' உதவாது. பதில் கடிதத்தோடு பழைய கோப்பு போகாது. 'ஃபார்வர்ட்' அழுத்தினால் கோப்பும் சேர்ந்தே போகும்.

திறக்கக் கூடாதவை

எதிர்பாராத கோப்பு, அவசரப்படுத்தும் கடிதம், இரண்டும் சேர்ந்து வந்தால் திறக்காதீர்கள். 'உங்கள் பார்சல் நிற்கிறது, ரசீதைத் திறக்கவும்' என்பது வழக்கமான ரகம். கோப்பின் பெயர் 'பிடிஎஃப்' என்று தெரிந்து, அதற்கும் பின்னால் 'இஎக்ஸ்இ' என்று முடிந்தால் அது படிவம் அல்ல, நிரல். வேர்டு கோப்பு ஒன்று 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தச் சொன்னாலும் அழுத்த வேண்டாம். தெரிந்தவர் பெயரில் வந்திருந்தால் அவரையே அழைத்துக் கேட்டுவிடுங்கள். மோசடியோ என்ற சந்தேகம் வந்தால் சிங்கப்பூரில் மோசடி பற்றிக் கேட்க உள்ள ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.

நீங்கள் அனுப்பும்போதும் அடையாள அட்டைப் படம் கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். எதற்கு என்று கேளுங்கள். கட்டாயம் அனுப்பியே ஆகவேண்டும் என்றால் கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு, அதைத் தொலைபேசியில் சொல்லுங்கள். அதே கடிதத்தில் எழுதினால் பூட்டுப் போட்டதற்கு அர்த்தமே இல்லை.

இதையெல்லாம் யாராவது பக்கத்தில் இருந்து காட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றினால், சிங்கப்பூரில் நூலகங்களிலும் சில சமூக மன்றங்களிலும் உள்ள எஸ்ஜி டிஜிட்டல் உதவி முகப்புகளுக்குப் போகலாம். அங்கே கணினி, கைப்பேசி பயன்படுத்தச் சொல்லித்தரும் மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாகவே உதவுகிறார்கள். நூலகக் கணினியில் பழகினீர்கள் என்றால், கிளம்பும்முன் டவுன்லோட்ஸில் உங்கள் கோப்பை அழித்து, அழித்தவை போய்த் தங்கும் 'ரீசைக்கிள் பின்' தொட்டியையும் காலி செய்து, ஜிமெயிலிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.