மலைச்சரிவுல வீடு பாக்கப் போறீங்களா? வியூவ கடைசியா பாருங்க

ஒதுக்குப்புறமா, பக்கத்து வீடு கண்ணுக்கே தெரியாத மலைவீடு, பால்கனில போய் நின்னதுமே மனசு அட்வான்ஸ் குடுத்துரும். அதனால முதல்முறை வாங்குறவங்க இந்த வரிசையிலயே பாருங்க, மாத்தாதீங்க.

ஸ்டெப் 1: சரிவ அளங்க
10 அடி கயிறு, ஒரு டேப், போன்ல லெவல் ஆப், இவ்வளவுதான் வேணும். கயிறோட ஒரு முனைய மேட்டுப்பக்கம் தரையில வச்சு, இன்னொரு முனைய மட்டமா இழுத்துப் பிடிச்சு, அங்கேருந்து தரை எவ்வளவு கீழ இருக்குன்னு அளந்தா போதும், 2 அடின்னா 20 சதவீதச் சரிவு. சதவீதத்தையும் டிகிரியையும் குழப்பிக்காதீங்க, 45 டிகிரிதான் 100 சதவீதம். வீட்டுக்கு ஏறுற பாதையையும் அளங்க, 15 சதவீதத்த தாண்டுனா மழையில கார் ஏத்துறது தினசரி பாடு.

ஸ்டெப் 2: வெட்டுன மண்ணா, கொட்டுன மண்ணா?
எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். சரிவுல வீடு கட்ட மேல்பக்கம் மண்ண வெட்டி கீழ்பக்கம் கொட்டி சமப்படுத்துவாங்க, கொட்டுன மண்ண சரியா இறுக்கலைன்னா அந்தப் பாதி மட்டும் மெதுவா உக்காரும், வீடு நடுவுல விரிசல் விடும். ஜன்னல் மூலையிலேருந்து சாய்வா ஓடுற விரிசல், செங்கல் சுவத்துல படிக்கட்டு மாதிரி விரிசல், தானா சாத்திக்கிற கதவு, இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா இன்னும் உத்துப் பாருங்க. வெளிய மரங்களோட அடிப்பாகம் கீழ்ப்பக்கம் வளைஞ்சு மேல நிமிந்திருந்தா, மண்ணு நகருதோன்னு சந்தேகப்படணும்.

அப்புறம் ரீட்டெய்னிங் வால், அதாவது மண்ணு சரியாம தாங்கிப் பிடிக்கிற சுவர். பல சமயம் அத சாய்க்கிறது மண்ணு மட்டும் இல்ல, பின்னாடி தேங்குற தண்ணி. சுவத்துல தண்ணி வெளியேற ஓட்டை இருக்கா, அடைச்சிருக்கா, சுவர் வயிறு தள்ளி நிக்குதான்னு பாருங்க. துளி சந்தேகம் வந்தாலும் மண் பரிசோதனை பண்ற ஜியோடெக்னிக்கல் இன்ஜினியரக் கூப்பிடுங்க, அந்தக் காசுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்டெப் 3: நல்ல மழையில ஒரு தடவ போங்க
மேல இருக்குற மனையோட தண்ணி எந்த வழியா இறங்குதுன்னு அன்னைக்குத்தான் தெரியும். குழாய்த் தண்ணி பிரஷரும் கேளுங்க, 10 மீட்டர் உயரம் ஏறுனா கிட்டத்தட்ட 1 பார் (பிரஷரோட அளவு) குறையும், பிரஷர் பத்தலைன்னா பம்ப் இல்லாம மாடிக்கு வராது.

ஸ்டெப் 4: ரோடு யாரோடது?
இந்த மாதிரி ஏரியால ரோடு பல சமயம் பிரைவேட். போய்வர உரிமை பத்திரத்துல எழுதியிருக்கணும், ரிப்பேர் செலவு யாருதுன்னும் இருக்கணும், வாய்வார்த்தைய நம்பாதீங்க. ஒரே ஒரு வழிதான்னா ஃபயர் இன்ஜின் திரும்ப இடம் இருக்கான்னு பாருங்க, காட்டுத்தீ மேட்டுப்பக்கம் ரொம்ப வேகமா ஏறும்.

ஸ்டெப் 5: இப்ப வியூ
கீழ இருக்குற காலி மனை யாரோடது, அதுல எத்தன மாடி கட்டலாம்னு விதி இருக்கு, விசாரிச்சுட்டு அப்புறமா பால்கனிக்குப் போங்க.