ஆசிரியருக்கு எழுதித் தர ஒரு சீனக் கவிதை வரி: தேர்வதும் எழுதுவதும்

சீனாவில் 1985 முதல் செப்டம்பர் 10 ஆசிரியர் தினம். அன்று வாழ்த்து அட்டைகளில் இடம்பெறும் பழங்கவிதை வரிகளில் பல, ஆசிரியரைப் பற்றிப் பாடியவையே அல்ல. காதலையும் மழையையும் உதிர்ந்த பூவையும் பாடிய வரிகளைப் பின்னால் வந்தவர்கள் ஆசிரியருக்குச் சூட்டிவிட்டார்கள். ஆகவே ஒரு வரி பிடித்துப்போனதும் எழுத உட்காராதீர்கள். முழுக் கவிதையையும் தேடிப் படியுங்கள்.

அதிகம் எடுத்தாளப்படுவது தாங் அரசமரபுக் காலத்துக் கவிஞர் லி ஷாங்யின் பாடிய ஈரடி: "வசந்தப் பட்டுப்புழு செத்தால்தான் அதன் இழை தீரும், மெழுகுவத்தி சாம்பலானால்தான் அதன் கண்ணீர் காயும்." தலைப்பில்லாத எட்டடிக் கவிதை, அடிக்கு ஏழு எழுத்து; இங்கே ஒவ்வொரு சீன எழுத்தும் ஓரசை, ஒரு சொல். பிரிந்திருக்கும் காதலின் ஏக்கம்தான் அதன் பொருள்.

ஏழெழுத்து அடியை நான்கும் மூன்றுமாகப் பிரித்துப் படிக்க வேண்டும். முதலடி: வசந்தம், பட்டுப்புழு, வரை, சாவு, இழை, அப்போதே, தீர்தல். அதற்கு நேர் கீழே இரண்டாமடியை வையுங்கள்: மெழுகு, சுடர், ஆகி, சாம்பல், கண்ணீர், அப்போதுதான், காய்தல். சாவுக்கு எதிரே சாம்பல், இழைக்கு எதிரே கண்ணீர். எழுத்துக்கு எழுத்து இணை நிற்பதால் ஓரடியை மட்டும் எடுத்து எழுதினால் அழகு பாதியாகிவிடும்.

இனி ஓசை. முதலடியின் நான்காம் எழுத்தும் ஐந்தாம் எழுத்தும் ஒரே அசைதான், தொனி மட்டும் வேறு. தாழ்ந்து வளையும் மூன்றாம் தொனியில் சொன்னால் சாவு, உயர்ந்து சமமாக நிற்கும் முதல் தொனியில் சொன்னால் பட்டிழை. ஏக்கத்துக்கான சொல்லும் அதே முதல் தொனியில் ஒலிக்கும். இழை தீர்வது என்றால் ஏக்கம் தீர்வது என்றும் கேட்கும், நல்ல சிலேடை. தொனி பிசகினால் சிலேடை போய்விடும், இழை இருக்க வேண்டிய இடத்தில் சாவு இரண்டு முறை கேட்கும். வாசித்துக் காட்டுவதாக இருந்தால் இந்த இரண்டு எழுத்துகளையும் தனியாக எடுத்துப் பழகுங்கள். எப்படியும் சாவு என்ற சொல் வெளிப்படையாக நிற்கிற வரி இது. நோயுற்ற ஆசிரியருக்கும் வயது முதிர்ந்தவருக்கும் இதைத் தராமல் இருப்பதே நல்லது.

ஓய்வு பெறுபவருக்கு கொங் ட்ஸிஜென் வரிகள் பொருந்தும்: "உதிர்ந்த செம்மலர் இரக்கமற்ற பொருளன்று, வசந்தச் சேறாகி இன்னும் பூவைக் காக்கும்." 1839இல் பதவி துறந்து பெய்ஜிங்கை விட்டுப் போனபோது அவர் எழுதிய 315 பாடல்களில் ஒன்று. விடைபெறும் மனநிலை மூலத்திலேயே இருப்பதால் ஒட்டுப்போட்டதாகத் தெரியாது.

அதட்டாமல் கற்றுத் தந்தவர் என்றால் தூ ஃபூவின் வசந்த இரவு மழையை எடுங்கள்: "காற்றோடு இரவில் ஓசைபடாமல் நுழைந்து, பொருள்களை நுண்மையாய், சத்தமின்றி நனைக்கும்." இது ஐந்தெழுத்து அடி, இரண்டும் மூன்றுமாகப் பிரியும். பழைய மூங்கில் தாங்குவதால்தான் புது மூங்கில் அதைவிட உயர்ந்தது என்கிற ஜெங் ஷியேயின் வரிகள், ஆசிரியரை மிஞ்சி வளர்ந்த மாணவர் தர ஏற்றவை. பல தலைமுறைக்குக் கற்பித்தவருக்குப் பாய் ஜுயி இருக்கிறார்: "உங்கள் பீச்சும் பிளம்மும் உலகெங்கும் நிறைந்திருக்க, கூடத்தின் முன் இன்னும் பூ நடுவானேன்?" இது அமைச்சர் பெய் துவுக்குப் பாடியது. பீச், பிளம் என்றால் ஒருவர் வளர்த்துவிட்ட ஆட்கள், இன்று மாணவர்கள்.

எழுதும்போது மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக. ஏழெழுத்து ஈரடி என்றால் ஏழேழாக இரண்டு செங்குத்து வரிசை, முதலடி வலப்பக்கம். அதற்கும் வலப்புறம் மேலே, சிறிய எழுத்தில், ஆசிரியரின் குடும்பப் பெயரோடு 'லாவ்ஷி' (ஆசிரியர்) சேர்த்து எழுதுங்கள்; சொந்தப் பெயரை மட்டும் எழுதுவது மரியாதைக் குறைவு. இடக்கோடியில் கீழே 'மாணவர்' என்று தொடங்கி உங்கள் பெயர், அதன் அடியில் சிவப்பு முத்திரை. இந்த இரண்டுக்கும் இடம் ஒதுக்காமல் தொடங்குவதால்தான் பல தாள்கள் வீணாகின்றன. முதலில் பென்சிலால் கட்டம் போட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

சீன எழுத்துக்கு இன்று இரண்டு வடிவம் உண்டு: கோடுகளைக் குறைத்த எளிய வடிவு, பழைய மரபு வடிவு; இரண்டையும் கலக்காதீர்கள். பட்டிழை எழுத்துக்கு எளிய வடிவில் 5 கோடு, மரபு வடிவில் 12. ஒரே தாளில் ஓரெழுத்து மட்டும் மாறி நின்றால் படிக்கத் தெரிந்தவர் கண் முதலில் அதில்தான் விழும்.