தூதர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

முதலில் பதவிகளை ஆண்டுவாரியாக ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கெயோர்க் ஃபெர்டினான்ட் டக்விட்ஸை எடுத்துக்கொண்டால், 1904இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்தார்; இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் தூதராக டென்மார்க்கிலும், 1961 முதல் 1965 வரை இந்தியாவிலும் பணியாற்றினார்; 1973இல் மறைந்தார். இப்பகுதிக்குச் சில வரிகளே போதும்.

அடுத்து, அவர் வாழ்வின் திருப்புமுனையைக் கண்டறிந்து அங்கே நிதானமாக நில்லுங்கள். 1943 செப்டம்பரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்த கோபன்ஹேகனில் கப்பல் போக்குவரத்து அதிகாரியாக இருந்த டக்விட்ஸ், யூதர்களைக் கைதுசெய்து நாடுகடத்தும் திட்டத்தை அறிந்ததும் சுவீடனுக்குச் சென்று பிரதமர் பெர் ஆல்பின் ஹான்சனைச் சந்தித்தார். 28ஆம் தேதி டென்மார்க்கின் சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஹான்ஸ் ஹெட்டாஃப்டிடம் செய்தியை உடைத்தார். மறுநாள் காலை யூத வழிபாட்டுக்கூடத்தில் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 7,000க்கும் மேற்பட்டோர் மீன்பிடிப் படகுகளில் கடலைக் கடந்து சுவீடனை அடைந்தனர். படகோட்டிய டேனிஷ் மக்களின் பங்கையும் கட்டாயம் எழுதுங்கள். எல்லாப் பெருமையையும் ஒருவர் தலையில் ஏற்றுவது நம்மவர் எழுதும் வரலாறுகளில் அடிக்கடி காணும் பிழை.

சங்கடமான உண்மைகளை மறைக்க வேண்டாம். இதே டக்விட்ஸ் 1932இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அதைச் சொன்ன பிறகுதான், 1971இல் இஸ்ரேலின் யாத் வாஷெம் (நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கான நினைவகம்) அவருக்கு அளித்த கௌரவத்தின் எடை வாசகருக்கு முழுமையாகப் புரியும்.