உபுண்டுவை நீக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செயலியை நீக்குவதுபோல, லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவையும் நீக்கிவிடலாம் என்ற எண்ணத்திலிருந்துதான் வீட்டுக் கணினிகளில் நேரும் பல கோளாறுகள் தொடங்குகின்றன. விண்டோஸும் உபுண்டுவும் ஒரே கணினியில் இருக்கும்போது, உபுண்டுவின் கோப்புகள் வட்டில் அதற்கென ஒதுக்கப்பட்ட பார்ட்டிஷன் என்ற பகுதியில் இருக்கும். கணினியை இயக்கியதும் எந்த இயங்குதளத்துக்குள் செல்வது என்று கேட்கும் கிரப் என்ற பூட்லோடரோ, முழுமையாகவோ பாதியாகவோ அதற்கு வெளியே இருக்கும். பார்ட்டிஷனை மட்டும் அழித்துவிட்டு பூட்லோடரை மறந்துவிடுவதே நீக்குபவர்கள் செய்யும் முதல் தவறு.

இயக்கியதும் முதலில் ஓடும் நிரல் பழைய பயாஸ் வகையாக உள்ள கணினிகளில் கிரப்பின் முதல் துண்டு வட்டின் தொடக்கப் பகுதியிலும், மீதி உபுண்டுவின் பார்ட்டிஷனிலும் இருக்கும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பார்ட்டிஷனை அழிக்கும்போது பூட்லோடரைப் பற்றி எந்த எச்சரிக்கையும் வராது. விண்டோஸும் அன்று முழுவதும் ஒழுங்காக ஓடும். அடுத்த முறை கணினியை இயக்கும்போதுதான், அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை என்ற ஒற்றை வரியும் அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொற்களும் கறுப்புத் திரையில் நிற்கும். இதைக் கண்டு வட்டே போய்விட்டது என்று அஞ்சி எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிடுபவர்கள் உண்டு. உண்மையில் விண்டோஸுக்கோ அதிலுள்ள கோப்புகளுக்கோ எதுவும் ஆகியிருக்காது. விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, பழுதுபார்க்கும் பகுதியில் உள்ள கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பூட்ரெக்' கட்டளையை 'ஃபிக்ஸ்எம்பிஆர்' என்ற தெரிவுடன் கொடுத்தால் போதும். அந்தப் பென்டிரைவை உபுண்டுவை அழிப்பதற்கு முன்பே தயாராக வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அழித்த பிறகு அதை உருவாக்க வேறொரு கணினியைத் தேட வேண்டியிருக்கும்.

பயாஸுக்குப் பதிலாக வந்த யூஈஎஃப்ஐ முறையில் தொடங்கும் புதிய கணினிகளில் நிலைமை சற்று எளிது. அங்கே விண்டோஸின் பூட்லோடரும் உபுண்டுவின் பூட்லோடரும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சிறு பகுதியில் தனித்தனிக் கோப்புறைகளில் இருக்கும். யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேரின் அமைப்புத் திரைக்குள் சென்று விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையில் முதலாவதாக வைத்து, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு உபுண்டுவின் பார்ட்டிஷனை அழிப்பதே பாதுகாப்பான வரிசை. ஈஎஃப்ஐ பகுதியில் எஞ்சியிருக்கும் உபுண்டு என்ற கோப்புறையைக் கடைசியாக நீக்கலாம். நீக்காமல் விட்டாலும் பெரிய கேடு எதுவும் இல்லை. ஆனால் இந்த ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் 100 எம்பி அளவில் பெயரில்லாமல் இருப்பதால், அதையும் உபுண்டுவின் மிச்சம் என்று நினைத்து அழித்துவிடுவது மிக மோசமான தவறு. அது போனால் விண்டோஸும் தொடங்காது.

பூட் வரிசையையோ, நம்பகமான நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட்டையோ மாற்றுவதற்கு முன் விண்டோஸில் வட்டை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்ப்பது அவசியம். இயங்கினால் அடுத்த தொடக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம். அது கையில் இல்லாவிட்டால் அந்த வட்டிலுள்ள கோப்புகளைத் திறக்க வழியில்லை.

காலியான இடத்தை சி டிரைவுடன் சேர்க்கும்போது இன்னொரு சிக்கல் வரும். அந்த இடம் சி டிரைவுக்கு அடுத்து ஒட்டியிருந்தால்தான் விண்டோஸ் அதை நீட்டிக்கும். எம்பிஆர் என்ற பழைய பகுப்பு முறை கொண்ட வட்டுகளில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது என்பதால், உபுண்டு பெரும்பாலும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் என்ற உறைக்குள் நிறுவப்பட்டிருக்கும். உள்ளே இருப்பதை அழித்த பிறகும் உறை அப்படியே இருப்பதால் இடத்தைச் சேர்க்க முடியவில்லை என்று பலர் அந்த உறையையே அழிக்க முயல்கிறார்கள். குடும்பப் படங்கள் உள்ள டி டிரைவும் அதே உறைக்குள்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதைத் தொட வேண்டும்.

விண்டோஸ் லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பை இயல்பாகப் படிக்காது என்பதால், ஆவணங்களையெல்லாம் உபுண்டுவில் இருக்கும்போதே வெளி வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். ஹோம் கோப்புறையில் கண்ணுக்குத் தெரிபவற்றை மட்டும் எடுத்தால் போதாது. புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகளும் இருக்கின்றன. ஃபயர்பாக்ஸின் கடவுச்சொற்களும் புக்மார்க்குகளும் பழைய இடத்தில் இல்லாமல், 22.04 பதிப்பு முதல் ஸ்னாப் என்ற கோப்புறைக்குள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நீக்குவதில் ஒரே நாளில் தெரிந்துவிடும் தவறுகள், புதுப்பிப்பதில் மெல்ல மெல்லத்தான் தெரியவரும். உபுண்டுவின் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளியாகி, ஐந்து ஆண்டுகளுக்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகிறது. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதங்களே ஆயுள். புதிதாக இருக்கிறது என்பதற்காக இடைக்காலப் பதிப்பை நிறுவிவிட்டு ஓரிரு ஆண்டுகள் அப்படியே விட்டுவிடும்போது, அதன் தொகுப்புகள், அதாவது மென்பொருள் கோப்புகள், இணையத்தில் உள்ள வழக்கமான களஞ்சியத்திலிருந்து பழைய பதிப்புகளுக்கான களஞ்சியத்துக்கு மாற்றப்பட்டுவிடும்; புதுப்பிக்க முயன்றால் கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழைகள் வரிசையாக வரும். மேம்படுத்துவதற்கும் அது முட்டுக்கட்டை. வீட்டுக் கணினிக்கு எல்டிஎஸ் தவிர வேறெதுவும் தேவையில்லை என்றே சொல்வேன்.

எல்டிஎஸ் பதிப்புகளுக்கிடையிலும் தாண்டிச் செல்ல முடியாது. 20.04 வைத்திருப்பவர் முதலில் 22.04-க்கும், அங்கிருந்து 24.04-க்கும் செல்ல வேண்டும். ஏப்ரலில் புதிய எல்டிஎஸ் வந்தவுடன் பழைய கணினியில் அதற்கான அழைப்பு வரவில்லையே என்று, களஞ்சியப் பட்டியலில் பதிப்பின் பெயரைக் கையால் மாற்றி மேம்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். முதல் திருத்த வெளியீடு வந்த பிறகே அந்த அழைப்பு வரும் என்பதுதான் வழக்கம், 24.04-க்கு அது 2024 ஆகஸ்ட் இறுதியில்தான் வந்தது. அந்தச் சில மாதங்கள் காத்திருப்பதே நல்லது.

அன்றாடப் புதுப்பித்தலில், தொகுப்புகளை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி என்ற கருவியின் 'ஏபிடி அப்டேட்' கட்டளையைக் கொடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நம்புவது பரவலான பிழை. அது பட்டியலை மட்டுமே புதுப்பிக்கிறது. தொகுப்புகளை மாற்றுவது 'ஏபிடி அப்கிரேடு'. கணினியை இயக்கியவுடன் இந்தக் கட்டளைகளைக் கொடுத்தால் சில நேரங்களில் பூட்டு கிடைக்கவில்லை என்ற செய்தி வரும். தானியங்கிப் புதுப்பிப்பு பின்னணியில் நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்ற அறிவுரை எங்கும் தாராளமாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு அழித்தால் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் தொகுப்புத் தரவுகளில் எழுதி அவற்றைக் குலைத்துவிட வாய்ப்புண்டு. சில நிமிடங்கள் பொறுத்திருந்தால் பூட்டு தானாகவே விடுபடும். மின்தடையால் பாதியில் நின்றுபோன புதுப்பிப்பை 'டிபிகேஜி' கட்டளையை 'கன்ஃபிகர் -ஏ' தெரிவுடன் கொடுத்துத் தொடரலாம்.

எதையேனும் நீக்கும்படி கட்டளை கொடுத்தால், என்னென்ன சேர்ந்து போகும் என்ற பட்டியலை ஏபிடி காட்டிவிட்டுத்தான் ஒப்புதல் கேட்கும். பழைய பைத்தான் வேண்டாம் என்று 'பைத்தான்3'-ஐ நீக்கச் சொன்னால், அந்தப் பட்டியலில் டெஸ்க்டாப்பின் பெயரும் இருக்கும். படிக்காமல் 'ஒய்' அழுத்தியவர்களுக்கு அடுத்த தொடக்கத்தில் வரைகலைத் திரையே இருக்காது.

வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து நிறுவியவர்களுக்கு பூட் பகுதி தனியாகவும் சிறியதாகவும் இருப்பதால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் பழைய பதிப்புகள் சேர்ந்து அது நிரம்பிவிடும். புதிய கர்னல் நிறுவுவது பாதியில் நின்றுபோகும். அப்போது அந்தக் கோப்புகளை நேரடியாக அழிக்காமல், 'ஏபிடி ஆட்டோரிமூவ்' மூலமாகவே பழையவற்றை அகற்ற வேண்டும். இப்போது இயங்கும் கர்னலை அது விட்டுவைக்கும். கையால் அழிப்பவர் அதையும் சேர்த்து அழித்துவிடக்கூடும்.

பதிப்பை மேம்படுத்துவதற்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற மீட்பு நிரலில் ஒரு நிலைப்பதிவு எடுத்துவிட்டேன் என்று நிம்மதியடைபவர்கள், அது இயல்பாக ஹோம் கோப்புறையைச் சேர்ப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆவணங்களுக்குத் தனி நகல் வேண்டும். மேம்படுத்தலின்போது பிபிஏ போன்ற வெளிக் களஞ்சியங்கள் முடக்கப்படும் என்பதால், எவற்றை நம்பியிருக்கிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைத்தால் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப இயக்கலாம்.

என்வீடியா வரைகலை அட்டைக்கான டிரைவர் உள்ள கணினியில் செக்யூர் பூட்டும் இயங்கினால், நிறுவலின் நடுவே ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும் திரை வரலாம். மறுதொடக்கத்தில் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்கும் நீலத் திரை ஏறக்குறைய 10 வினாடிகளே நிற்கும். அதைத் தவறவிட்டால் கணினி வழக்கம்போலத் தொடங்கும், டிரைவர் மட்டும் ஏறாது. திரையின் தெளிவு குறைந்திருப்பதைக் கண்டு டிரைவரையே மாற்றி மாற்றி நிறுவுவதில் பயனில்லை, அந்தக் கடவுச்சொல்லை அமைக்கும் படியை மறுபடி தொடங்கி அடுத்த மறுதொடக்கத்தில் திரையின் முன்பே இருக்க வேண்டும்.