பழைய மாஸி 1035 மிஸ்ஸிங் அடிக்கிறதா? பம்பைக் கழற்றும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் வீட்டு மாஸி 1035 டிராக்டருக்கு என்னைவிட வயது அதிகம். இரண்டு வருடத்துக்கு முன் குறுவைச் சேத்துழவு நேரம் பார்த்து மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியது, அதாவது எஞ்சின் விட்டு விட்டு வெடித்தது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிவிடும். இருபது நிமிடம் குறையில்லாமல் ஓடும். அப்புறம் வயல் நடுவில் 'தட தட... தட்... தட' என்று குலுங்கி, இழுவை போய் நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடும்.

டீசல் பம்ப் (இன்ஜெக்டர்களுக்கு அழுத்தத்தோடு டீசல் அனுப்புவது) போய்விட்டது என்று இரண்டு பேர் சொன்னார்கள். நானும் நம்பி, பம்பைக் கழற்றி டவுனில் கொடுத்தேன். பெஞ்சில் ஏற்றிப் பார்த்து, புது சீல் போட்டு, நல்ல தொகையாக வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பம்ப் வீடு வந்தது, மிஸ்ஸிங்கும் கூடவே வந்தது. கடைசியில் கோளாறு இருந்தது டேங்க் டேப்பிலும் (டீசலைத் திறந்து மூடும் குழாய்) ஒரு சாண் ரப்பர் பைப்பிலும்.

இது சிம்ப்சன் மூன்று சிலிண்டர் எஞ்சினும் ரோட்டரி பம்பும் உள்ள வண்டிக்காக எழுதியது. இந்த எஞ்சின் பெர்கின்ஸ் 3.152 வடிவமைப்பில் வந்தது. 3 என்பது சிலிண்டர், 152 என்பது கன அங்குலக் கொள்ளளவு, கிட்டத்தட்ட 2,500 சிசி. கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) 240 டிகிரி சுற்றுவதற்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் வெடிக்கும். அதனால் மூன்றில் ஒன்று படுத்தாலும் ஸ்டீயரிங் கையிலேயே தெரிந்துவிடும்.

முதலில்: மிஸ்ஸிங் ஒரே இடத்தில் நிற்கிறதா, அலைகிறதா?

ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டியை ஐடிலில் விட்டு ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். 'தட-தட-கப், தட-தட-கப்' என்று தாளம் தவறாமல் ஒரே இடத்தில் விட்டால், ஒரு குறிப்பிட்ட சிலிண்டரில் கோளாறு. நாசில் (இன்ஜெக்டரில் டீசல் தூவும் முனை), வால்வு, டேப்பட் (வால்வு இடைவெளி) என்று போகலாம். தாளமே இல்லாமல், சில நேரம் சரியாகவும் சில நேரம் மூச்சு முட்டுவது போலவும் ஓடினால் டீசல் வரத்தில் கோளாறு. பைப்புக்குள் காற்று புகுகிறது, அல்லது அடைப்பு. என் வண்டி இரண்டாவது வகை. இந்த வித்தியாசம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் பம்ப் செலவு மிச்சம்.

புகையையும் பாருங்கள். கரும்புகை என்றால் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள், ஆயில் பாத்தில் சேறு போல் படிந்திருக்கும். அல்லது நாசில் தூவாமல் ஒழுகுகிறது. சூடான பிறகும் வெள்ளையாக, கண் எரிகிற மாதிரி வந்தால் டீசல் எரியாமல் வெளியே போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அதற்கு இந்தப் பதிவு உதவாது.

தனி கேன் சோதனை

செலவே இல்லாத சோதனை இது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, எஞ்சினுக்கு மேலே பத்திரமாகத் தொங்கவிடுங்கள். டேங்க் டேப்பை மூடி, ஃபீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்குத் தள்ளும் சின்ன பம்ப்) வரும் பைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் கேனிலிருந்து ஒரு டியூபை மாட்டுங்கள். டியூப் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிறதாக இருக்க வேண்டும், குமிழி ஓடினால் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றை எடுத்துவிட்டு (கீழே சொல்கிறேன்) ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

மிஸ்ஸிங் வரவில்லையா? கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். வந்தால் ஃபீட் பம்பிலிருந்து பின்னால்.

எனக்கு ஒரு மணி நேரம் ஒரு தும்மல்கூட இல்லை. டேங்கை வடித்து டேப்பைக் கழற்றினால், வடிகட்டிச் சல்லடை முழுக்க கறுப்பாக வழவழவென்று களி. இருபது நிமிடக் கணக்கும் அப்போதுதான் புரிந்தது. வண்டி ஓட ஓட டேங்கின் அடியில் கிடந்த களி இழுபட்டு சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் இழுப்பு விட்டு உதிரும், மறுபடி ஓடும்.

அதோடு முடியவில்லை. டேப்புக்குக் கீழே இருந்த ரப்பர் பைப்பில் யாரோ (அப்பாதான், ஒப்புக்கொள்ள மாட்டார்) சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். டீசல் பட்டால் சைக்கிள் டியூப் ஊறி உப்பிவிடும், கட்டு தளரும். 1035-இல் டேங்க் எஞ்சின் தலைக்கு மேலே இருப்பதால் வண்டி நிற்கும்போது அங்கே லேசாக ஈரம் கசியும், நாம் கண்டுகொள்வதில்லை. சல்லடை அடைத்து ஃபீட் பம்ப் பலமாக இழுக்கும்போது அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். ஃபீட் பம்புக்கு முன்னால் என்றால் காற்று உள்ளே, பின்னால் என்றால் டீசல் வெளியே. இதை மட்டும் மனதில் வையுங்கள்.

டீசலுக்கென்று விற்கும் பைப்பும் ஸ்க்ரூ வைத்த கிளிப்பும் வாங்கிப் போடுங்கள். கம்பி கட்டாதீர்கள். டெஃப்லான் டேப்பும் வேண்டாம், நூல் நூலாகப் பிரிந்து உள்ளே போய் அடைக்கும்.

காற்று எடுப்பது

நான் மூன்று மணி நேரம் தொலைத்த இடம் இது. ஃபில்டரை மாற்றிவிட்டு ஃபீட் பம்பின் கை லீவரை அடித்தேன், அடித்தேன், ஒரு சொட்டு வரவில்லை. லீவர் 'லொடலொட' என்று சும்மா ஆடியது. ஃபீட் பம்பும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வயல் பெரியவர், பழைய மெக்கானிக், வரப்பில் நின்றபடியே சொன்னார்: "தம்பி, எஞ்சின ஒரு சுத்து சுத்தி விட்டுட்டு அடி."

விஷயம் என்னவென்றால், ஃபீட் பம்பைத் தள்ளும் கேம் மேடு உச்சத்தில் நின்றுவிட்டால் கை லீவருக்கு வேலை இருக்காது. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கேம் அரைச் சுற்று சுற்றி மேடு விலகிவிடும். சுற்றிவிட்டு அடித்தேன், லீவரில் கனம் தெரிந்தது.

வரிசை இதுதான்:

1. ஃபில்டர் தலையில் உள்ள காற்று ஸ்க்ரூவையும், டீசல் பம்பில் உள்ள இரண்டு ஸ்க்ரூக்களையும் தளர்த்துங்கள். பம்பில் ஒன்று பக்கவாட்டில் ஹைட்ராலிக் ஹெட்டில், இன்னொன்று மேலே கவர்னர் மூடியில்.
2. லீவரை அடியுங்கள். முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு தெளிந்த டீசல். தெளிந்ததும் ஃபில்டர் ஸ்க்ரூ, பக்கவாட்டு ஸ்க்ரூ, மேல் ஸ்க்ரூ என்ற வரிசையில் இறுக்குங்கள். மேல் ஸ்க்ரூவுக்குப் பொறுமை வேண்டும், அந்த அறை முழுக்க நிரம்ப வேண்டும்.
3. பம்புக்குள் வரும் பைப்பின் நட்டைத் தளர்த்தி நாலு அடி அடித்து இறுக்குங்கள்.
4. இன்ஜெக்டர் பக்கம் இரண்டு பைப் நட்டைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்கக் கொடுத்து செல்ஃப் அடியுங்கள். டீசல் வந்ததும் இறுக்கி ஸ்டார்ட் செய்யுங்கள்.

பேஞ்சோ போல்ட்டை (பைப்பைப் பிடிக்கும், நடுவில் துளை உள்ள போல்ட்) கழற்றினால் காப்பர் வாஷரை மாற்றுங்கள். கடை இல்லாத நேரம் என்றால் பழையதை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், செம்பு இளகி மறுபடி உட்காரும். ஒரு தடவைக்குத் தாங்கும்.

தாளத்தோடு மிஸ்ஸிங் என்றால்

ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டாக அரைச் சுற்று தளர்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் எஞ்சின் இன்னும் குலுங்கும். எதைத் தளர்த்தியும் மாற்றமே இல்லையோ அதுதான் படுத்த சிலிண்டர். துணியைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், சூடான இடத்தில் டீசல் படக்கூடாது. ஓடும் எஞ்சினில் நாசிலைக் கழற்றி வெளியே வைத்துக் கையால் தூவல் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், ஆனால் விரலையே எடுக்கும்படி ஆகலாம். பட்டால் உடனே ஆஸ்பத்திரி.

எஞ்சினை நிறுத்திவிட்டு, படுத்த சிலிண்டர் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங் கூடவே போனால் நாசில் வேலை, பம்ப் கடைக்குக் கொடுங்கள். போகவில்லை என்றால் டேப்பட் பாருங்கள்: குளிர்ந்த எஞ்சினில் 0.30 மி.மீ., அதாவது 12 தவ் (ஒரு தவ் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதுவும் சரி என்றால் வால்வு அல்லது கம்ப்ரஷன், ஹெட்டைத் திறக்கும் வேலை.

இன்ஜெக்டரை மாட்டும் முன் டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். பழைய காப்பர் வாஷர் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புதிதைப் போட்டால் நாசில் உயரத்தில் உட்கார்ந்து, தூவல் கெடும்.

ஸ்பேனர் பற்றி

இந்த எஞ்சினில் பெரும்பாலும் இஞ்ச் அளவு நட்டுகள். 9/16 நட்டில் 14 மி.மீ. ஸ்பேனர் ஏறாது, 15 போட்டால் நழுவி முனை மழுங்கும். ஒரு இஞ்ச் ரிங் ஸ்பேனர் செட் வாங்கிவிடுங்கள். ஸ்க்ரூ ஸ்பேனரை வீட்டுத் தண்ணீர்க் குழாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், எல்லாம் செய்தும் அரை மணி நேரத்தில் நிற்கிறது என்றார். டேங்க் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். 'உஸ்' என்று காற்று இழுத்ததாம். மூடியில் உள்ள காற்றுத் துளை சேறு அடைத்திருந்தது, ஒரு ஊசியில் வேலை முடிந்தது.

இன்னொருவர் நாலாவது படியில் பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடித்தும் இன்ஜெக்டருக்கு டீசல் வரவில்லை என்றார். ஸ்டாப் நாபை வெளியே இழுத்தபடியே விட்டிருக்கிறார். அதை உள்ளே தள்ளிவிட்டு அடியுங்கள்.