1638 மட்டக்களப்பு முற்றுகையை மேசையில் அமைத்தல்: சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டும் முறை

மேசைப் போர் விளையாட்டுக்கெனச் சிற்றுருவங்களை வாங்கிக் குவித்தவர்களின் அலுமாரியைத் திறந்தால், பாதி தீட்டிய படைகளே பெரும்பாலும் கிடக்கும். எந்தப் போர், எந்த நிலம், எந்தப் பருவம் என்று தீர்மானிக்காமல் வாங்கத் தொடங்குவதே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. மட்டக்களப்பில் வாழ்பவருக்கு இந்தத் தீர்மானம் கடினமானதன்று. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கட்டிய கோட்டையை, கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனுடன் கைகோத்த ஒல்லாந்தத் தளபதி அடம் வெஸ்டர்வோல்ட் 1638 மே 18ஆம் திகதி கைப்பற்றினார். கோட்டை சிறியது, படைகள் மூன்று, அருகே வாவி. நான்கடிக்கு மூன்றடிப் பலகை ஒன்றே இதற்குப் போதும்.

அளவைப் பொறுத்தவரை, 28 மில்லிமீற்றர் உருவங்கள் அழகானவை என்றாலும், முதல் முயற்சிக்கு 1/72 அளவுப் பிளாஸ்ரிக் உருவங்களையே பரிந்துரைப்பேன். இவ்வளவில் ஒரு மனிதன் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் உயரம் நிற்பான், செலவும் குறைவு. ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போருக்கென (1618–1648) விற்கப்படும் துவக்குக்காரரும் ஈட்டிக்காரரும் ஒல்லாந்தருக்கும் போர்த்துக்கேயருக்கும் பொருந்துவர். கண்டிப் படையினரை நாமே உருவாக்க வேண்டியிருக்கும். வெற்றுடம்புடன் ஈட்டி ஏந்திய பண்டைக்கால வீரர்களின் கேடயங்களை வெட்டியெடுத்துவிட்டு, இருபகுதி எப்பொக்சிக் களிமண்ணால் இடுப்புத்துணியையும் பின்னந்தலையில் முடிந்த கொண்டையையும் சேர்த்தால் போதுமானது. என் கணக்கு கண்டியருக்கு 40, ஒல்லாந்தருக்கு 24, போர்த்துக்கேயருக்கு 16. இது வரலாற்றுக் கணக்கன்று. ஒருவர் சலிக்காமல் தீட்டி முடிக்கக்கூடிய கணக்கு.

மென்பிளாஸ்ரிக் உருவங்களை முதலில் சவர்க்காரநீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு உலரவிட வேண்டும். அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பசை போகாவிட்டால், தீட்டிய வண்ணம் ஈட்டி வளையும்போதே உரிந்துவிடும். அச்சின் இணைப்பில் படிந்த விளிம்புக் கோடுகளை அரத்தால் தேய்த்தால் பிளாஸ்ரிக் பிசிறடிக்கும். கூரான அலகால் சீவுவதே நல்லது. அடுத்து, வண்ணம் பிடித்து நிற்க முதலில் பூசும் அடிப்பூச்சான பிரைமர். மாரி காலத்து ஈரக்காற்றில் ஸ்பிரே அடித்தால் பூச்சு மணல்போலத் திரளக்கூடும் என்பதால், கார்த்திகை, மார்கழியில் தூரிகையால் பூசும் பிரைமரையே நம்புங்கள். கச்சான் வீசும் மாதங்களில் தொல்லை வேறு வகையானது: அக்ரிலிக் வண்ணம் உருவத்தைத் தொடுமுன் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் நனைத்த பஞ்சை விரித்து, கேக் தட்டில் இடும் ஒயில் பேப்பரை அதன்மேல் வைத்து, அதில் வண்ணத்தைக் குழைத்தால் மாலை முழுவதும் ஈரமாக இருக்கும். மின்விசிறியை மட்டும் மறுபுறம் திருப்பிவிடுங்கள்.

எட்டு உருவங்களை ஒரே வரிசையில் ஒட்டி, ஒவ்வொரு நிறமாக எட்டிலும் தீட்டிச் செல்வதே விரைவான வழி. அக்காலத்தில் சீருடை வழக்கில் இல்லாததால், ஐரோப்பியரின் உடைகளுக்குப் பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை ஆகியவற்றை மாற்றிமாற்றி இடலாம். இரு தரப்பையும் பிரித்துக்காட்டும் வேலையைக் கொடிகளிடம் விட்டுவிடுங்கள். ஒல்லாந்தருக்குச் செம்மஞ்சள், வெள்ளை, நீலம் என்ற மூவண்ணக் கொடி பொருந்தும்.

கண்டியரின் தோல் நிறத்தில்தான் பலர் தவறுகின்றனர். பழுப்புடன் கறுப்பைக் கலந்தால் தோல் உயிரற்றுச் சாம்பல் பூத்துவிடும். செம்பழுப்பை அடிநிறமாக இட்டு, நீர்க்க வைத்த கரும்பழுப்பைத் தசை மடிப்புகளில் ஓடவிட்டு, காய்ந்தபின் தோள், மூக்கு, முழங்கால் ஆகியவற்றில் சற்று மஞ்சள் கலந்த பழுப்பைத் தொட்டுவையுங்கள். சந்தேகம் வந்தால் யன்னல் வெளிச்சத்தில் உங்கள் கைமுட்டியைப் பாருங்கள். கல்லடிக் கரையில் வலை இழுப்பவர்களின் தோள்களைப் பார்த்தால் இன்னும் தெளிவு பிறக்கும்.

நேரத்தைச் செலவிடத் தகுந்த இன்னோர் இடம் துவக்குக்காரனின் கையிலுள்ள, துவக்கு மருந்தைப் பற்றவைக்கும் திரிக்கயிறு. அணையாதிருக்க அதன் இரு நுனிகளையும் கொளுத்தி வைத்திருப்பர். கயிற்றுக்கு வைக்கோல் நிறமும், நுனிக்கு முன்னே ஒரு மயிரிழைச் சாம்பலும், நுனியில் ஊசிமுனையளவு செந்நிறமும் இட்டால், அந்த ஒரு புள்ளி முழு உருவத்தையும் தூக்கி நிறுத்தும். முகத்தில் கண்மணி வரையும் வேலை வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் அது தெரியப்போவதில்லை.

நிலத்தை அமைக்கும்போது மே மாதம் என்பதை மறக்கக்கூடாது. ஐரோப்பியப் புல்வெளிக்கென விற்கப்படும் கடும்பச்சைத் தூள் இங்கே ஒவ்வாது. வெளிறிய மணலும் காய்ந்த புல்லுமே வேண்டும். கடற்கரை மணலை இருமுறை நல்ல நீரில் கழுவி உப்பை நீக்கி, சலித்து, வெள்ளை மரப்பசையில் ஒட்டுங்கள். தேங்காய்த் தும்பை அரை சென்ரிமீற்றர் நீளத்தில் நறுக்கிக் கொத்தாக நட்டால் புற்புதர் ஆகும். வாவிக் கரையில் மட்டும் கருஞ்சாம்பல் சேறும், மெல்லிய வேர்த்துண்டுகளால் செய்த கண்டல் மரங்களும் வரட்டும். தண்ணீருக்கு, பச்சை கலந்த பழுப்பின்மேல் பளபளப்பு வார்னிஷை நான்கைந்து மென்பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் இடவேண்டும். கோட்டையை ரெஜிபோமில் செதுக்கலாம். இன்று நிற்கும் கோட்டையில் ஒல்லாந்தரின் பிற்கால வேலைகளும் கலந்திருப்பதால் அதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். ரெஜிபோமின்மேல் நேரடியாக ஸ்பிரே அடித்து, ஒரு கொத்தளம் முழுவதும் கண்முன்னே கரைந்துபோனதைப் பார்த்தவன் நான். முதலில் மரப்பசையும் மணலும் கலந்து பூசி மூடிவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

இறுதியாக மங்கல் வார்னிஷ். ஈரக்காற்றில் ஸ்பிரே வார்னிஷும் வெண்மையாகப் படியும். எனவே மழையற்ற முற்பகலில் ஓர் உருவத்தில் மட்டும் பூசிப் பார்த்து, மறுநாள் அது தெளிவாக இருந்தால் மற்றவற்றுக்குப் பூசுங்கள். பிறகு அடித்தட்டுகளின் கீழே காந்தத் தாளை ஒட்டி, தகரப் பிஸ்கற் பெட்டியில் நிறுத்தி, மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டை உள்ளே இட்டு மூடிவையுங்கள்.