சர்வர்களுக்கு இடையே ரெப்ளிகேஷன் நின்றுவிட்டால் செய்யக் கூடாதவை

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாங்கூழ் தொழிற்சாலைகளில் ஒரே மாதிரி ஏற்பாட்டை அடிக்கடி பார்க்கலாம். டவுன் அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் சர்வர், தொழிற்சாலையில் இன்னொன்று. கொள்முதல் கணக்கு, எடைச்சீட்டு, ஆய்வக அறிக்கை, ஏற்றுமதி ஆவணம் எல்லாம் ஒரு ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருப்பது டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷனின் வேலை. விண்டோஸ் சர்வர் 2003 ஆர்2வில் வந்த வசதி இது. பெரிய ஃபைலில் ஒரு பகுதி மாறினால் அந்தப் பகுதியை மட்டும் அனுப்பும் என்பதால் சுமாரான இன்டர்நெட் லைனிலும் ஓடிவிடும். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும், தருமபுரியில் கிளை வைத்திருக்கும் வியாபாரிகளும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

பெரும்பாலும் ஃபைல் தொலைவது ரெப்ளிகேஷன் நின்றதால் இல்லை. நின்றதும் பதறிப்போய்ச் செய்கிற காரியங்களால்தான். நின்றுபோன நிலையில் இரண்டு சர்வரிலும் சரக்கு பத்திரமாகவே இருக்கும். அதைக் கலைக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எதையும் தொடும் முன் பேக்லாக், அதாவது இன்னும் போய்ச் சேராமல் காத்திருக்கும் ஃபைல்கள், எவ்வளவு என்று பாருங்கள். விண்டோஸின் டிஎஃப்எஸ்ஆர்டயாக் என்ற கட்டளைக் கருவியில் இதற்கென்றே கட்டளை இருக்கிறது. அனுப்பும் சர்வர், வாங்கும் சர்வர் இரண்டின் பெயரையும் கொடுத்தால், காத்திருக்கும் ஃபைல்களின் எண்ணிக்கையையும் முதல் 100 ஃபைல்களின் பெயரையும் காட்டும். அலுவலகத்திலிருந்து தொழிற்சாலைக்கு ஒருமுறை, திரும்ப அங்கிருந்து இங்கே ஒருமுறை என இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று சொல்வது ரொம்ப சாதாரணமாக நடக்கிற தவறு. கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலை வேலையில் ஃபைபர் அறுந்து லைன் வெகுநேரம் இல்லாமல் போய்த் திரும்பி வந்தால், சேர்ந்துபோனது கரைய நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வதால் ஒரு பயனும் இல்லை.

சீசன் முடிந்து அணைத்த சர்வர்

இந்த மாவட்டத்துக்கென்றே அமைந்த சிக்கல் இது. மாங்கூழ் வேலை மே மாதம் சூடுபிடித்து ஜூலை வாக்கில் ஓய்ந்துவிடும். பெங்களூரா மாம்பழ வரத்து நின்றதும் தொழிற்சாலையில் ஆள் குறைவார்கள், மின்கட்டணத்தை மிச்சப்படுத்த ஏசியோடு சேர்த்து சர்வரையும் அணைத்துவிடுவார்கள். அடுத்த வருடம் சீசனுக்கு முன் போட்டால் சர்வர் ஒழுங்காக எழுந்து வரும், ஷேர் திறக்கும், ஆனால் ஒரு ஃபைலும் நகராது. சர்வரில் நடப்பவற்றை எண் போட்டுப் பதிவு செய்யும் ஈவென்ட் வியூவரில் டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் பதிவைத் திறந்தால் சிவப்பில் 4012 என்ற எண் நிற்கும். இனி வரும் நான்கு இலக்க எண்களும் இப்படிப்பட்ட பதிவு எண்களே. இந்த சர்வர் மற்றவற்றோடு தொடர்பில்லாமல் எத்தனை நாள் இருந்தது, எத்தனை நாள் வரை அனுமதி என்ற இரண்டு எண்களும் அந்தச் செய்திக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது எண் 60.

இந்த 60 நாள் கணக்குக்குக் காரணம் உண்டு. ஒரு ஃபைலை அழித்தால், 'இது அழிக்கப்பட்டது' என்ற குறிப்பை ரெப்ளிகேஷன் தன் டேட்டாபேஸில் கொஞ்ச காலம்தான் வைத்திருக்கும். அந்தக் குறிப்பு போன பிறகு பழைய சர்வர் உள்ளே வந்தால், அழித்த ஃபைலைப் புதுசு என்று நினைத்து எல்லா இடத்துக்கும் பரப்பிவிடும். போன வருட விலைப்பட்டியல் இந்த வருட ஃபோல்டரில் முளைப்பது இப்படித்தான். அதனால்தான் விண்டோஸ் சர்வர் 2012 முதல் இந்தத் தடுப்பு இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது.

இங்கே செய்கிற பெரிய தவறு, மேக்ஸ்ஆஃப்லைன்டைம்இன்டேஸ் என்ற அந்த அளவை 60லிருந்து 365 ஆக்கிவிடுவது. உடனே ஓட ஆரம்பிக்கும், ஆரம்பித்தவுடன் பழைய குப்பையும் சேர்ந்து வரும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

முதலில் தொழிற்சாலை சர்வரின் ஃபோல்டரை அப்படியே ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பிறகு டிஎஃப்எஸ் மேனேஜ்மென்ட்டில் மெம்பர்ஷிப் பகுதிக்குப் போய் அந்த சர்வரை மட்டும் டிஸேபிள் செய்யுங்கள். கம்பெனியின் பயனர், சர்வர் விவரங்களை வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் இந்த மாற்றம் பரவும் வரை பொறுத்து, அதை உடனே படிக்கச் சொல்லும் டிஎஃப்எஸ்ஆர்டயாக் போல்ஏடி கட்டளையைக் கொடுங்கள். அந்த சர்வரில் டிஸேபிள் ஆனதைச் சொல்லும் 4114 பதிவான பிறகு, அதே பாதையைக் கொடுத்து மறுபடி எனேபிள் செய்யுங்கள். 4102 வந்தால் முதல் ஒத்திசைவு தொடங்குகிறது என்று அர்த்தம், 4104 வந்தால் முடிந்தது. அலுவலகத்தில் இல்லாமல் தொழிற்சாலையில் மட்டும் இருந்த ஃபைல்கள், டிஎஃப்எஸ்ஆர்பிரைவேட் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் ப்ரீஎக்ஸிஸ்டிங் என்ற இடத்துக்குப் போயிருக்கும். தேவையானதை அங்கிருந்தோ, எடுத்து வைத்த காப்பியிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டே சர்வர் உள்ள குழுவில் அலுவலகப் பக்கமும் இதே 4012 வரக்கூடும், அதற்கும் இத்தனை நாள் துணை இல்லையே. அப்போது எந்த சர்வரில் சரியான சரக்கு இருக்கிறது என்று கணக்குப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொண்டு, இரண்டையும் டிஸேபிள் செய்து, சரியானதை பிரைமரி மெம்பராக, அதாவது மற்றது பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டிய சர்வராகக் குறித்த பிறகே எனேபிள் செய்ய வேண்டும்.

தொழிற்சாலை சர்வரே ஆக்டிவ் டைரக்டரியை நடத்தும் டொமைன் கன்ட்ரோலராகவும் இருந்தால் விஷயம் இன்னும் கடுமை. இப்படித் தொடர்பில்லாமல் இருக்க ஆக்டிவ் டைரக்டரி தரும் சொந்தக் கெடு பொதுவாக 180 நாள். ஆகஸ்ட்டில் அணைத்து ஏப்ரலில் போட்டால் அதையும் தாண்டிவிடும். அந்த சர்வரை நெட்வொர்க்கில் அப்படியே விடாமல், அதன் டொமைன் கன்ட்ரோலர் பொறுப்பை நீக்கிப் புதிதாகத்தான் சேர்க்க வேண்டும். இவ்வளவு பாடும் வேண்டாம் என்றால், சீசன் இல்லாத மாதங்களிலும் சர்வரை ஓடவிடுங்கள். முடியாவிட்டால் மாதம் ஒருமுறையாவது போட்டு, இரு திசையிலும் பேக்லாக் பூஜ்யம் ஆகும்வரை வைத்திருந்து அணையுங்கள்.

குழுவை அழித்துப் புதிதாகப் போடுவது

எதுவும் புரியாதபோது பலர் கை வைக்கும் இடம் இது. ரெப்ளிகேஷன் குழுவை அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவார்கள். அப்போது எந்த சர்வர் பிரைமரி என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் முதல் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அங்கே பழைய சரக்கு இருந்தால், மற்ற சர்வரின் புதிய ஃபைல்கள் எல்லாம் ஓரங்கட்டப்படும். ஃபோல்டரைத் திறப்பவருக்கு ஒரு வார வேலை காணாமல் போனது போலத் தெரியும். அப்படி நடந்துவிட்டால் டிஎஃப்எஸ்ஆர்பிரைவேட் ஃபோல்டரை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2012 ஆர்2 முதல், அங்கே ஒதுக்கிவைத்ததை மீட்க பவர்ஷெல் கட்டளை இருக்கிறது.

ஸ்டேஜிங் இடம் போதாமை

அனுப்பும் முன் ஃபைல்களைத் தயார் செய்யும் இடம் ஸ்டேஜிங் ஃபோல்டர். இயல்பான அளவு 4 ஜிபி. ஓசூரில் டூலிங் வரைபடங்கள் வைத்திருக்கும் இடத்தில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. ஃபோல்டரில் உள்ள மிகப் பெரிய 32 ஃபைல்களின் அளவைக் கூட்டி, குறைந்தது அவ்வளவாவது கொடுக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் கணக்கு. 4202, பின்னாலேயே 4204 என்று எப்போதாவது வந்தால் கவலையில்லை, இடம் நிறைந்தது, சுத்தம் செய்துகொண்டது, அவ்வளவே. ஒரு நாளில் பலமுறை வந்தாலோ, 4206, 4208 வந்தாலோ அளவைக் கூட்டுங்கள். டிஸ்க் நிறைகிறது என்று ஸ்டேஜிங் ஃபோல்டருக்குள் போய் கையால் அழிப்பது மட்டும் வேண்டாம்.

கரன்ட் போய் வந்த பிறகு

கோடை மழைக் காற்றில் கரன்ட் போய், யுபிஎஸ் பேட்டரியும் பழசாக இருந்தால் சர்வர் சட்டென்று அணையும். திரும்ப வந்ததும் 2212 பதிவாகி, டேட்டாபேஸைச் சரிபார்க்க ஆரம்பிக்கும். முடிந்ததும் 2214 வரும். பெரிய ஃபோல்டரில் இதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். நடுவில் பொறுமையிழந்து ரீஸ்டார்ட் செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 2008 ஆர்2, 2012 பதிப்புகளில் 2213 வந்து, நீங்கள் சொல்லும்வரை நின்றுவிடும். மறுபடி தொடங்கும் கட்டளை அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும். காப்பி எடுத்துவிட்டு அதைக் கொடுங்கள்.

பிழையே இல்லாமல் வராத ஃபைல்கள்

"சார், மத்ததெல்லாம் வருது, இந்த ஒரு ஃபைல் மட்டும் வரல" என்று அழைப்பு வந்தால், யாராவது அதைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். மூடினால்தான் அது நகரும். 4302, 4304 இதைத்தான் சொல்கின்றன. டாலி டேட்டா ஃபோல்டர் போலப் பலர் ஒரே நேரத்தில் எழுதுகிறவற்றை இதில் வைக்கவே கூடாது. இரண்டு பக்கமும் ஒரே ஃபைலை மாற்றினால் கடைசியாக எழுதியவரின் பதிப்பே நிற்கும், மற்றது கான்ஃப்ளிக்ட் ஃபோல்டருக்குப் போய்விடும், 4412 பதிவாகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெயர் ~ குறியில் தொடங்குபவை, டிஎம்பி, பிஏகே என்று முடிபவை ஆகியவற்றை ரெப்ளிகேஷன் இயல்பாகவே விட்டுவிடும். எடைமேடை மென்பொருள் தினமும் இரவு எஸ்க்யூஎல் பேக்கப் எடுத்து இந்த ஃபோல்டரில் போடுகிறது, அலுவலகத்துக்கும் போய்விடுகிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள், அந்தப் பேக்கப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று இன்றே பாருங்கள். பிஏகே என்றால் அது தொழிற்சாலையை விட்டு நகர்ந்தே இருக்காது. ஃபில்டரில் அதை எடுத்துவிட வேண்டும், அல்லது பேக்கப்பை வேறு வழியில் அனுப்ப வேண்டும்.

5002, 5008 வந்தால் நெட்வொர்க்கைப் பாருங்கள். பிங் போகிறது என்பது போதாது. 135ஆம் போர்ட்டும், அதோடு 49152 முதல் 65535 வரையும் திறந்திருக்க வேண்டும், அல்லது டிஎஃப்எஸ்ஆர்டயாக் மூலம் ஒரே போர்ட்டை நிலையாக வைத்து அதை மட்டும் ஃபயர்வாலில் திறக்கலாம். இரண்டு சர்வரின் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், சர்வர்களின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் அனுமதிக்காது. நீண்ட நாள் அணைந்திருந்த மெஷினில் இதைக் கட்டாயம் சரிபாருங்கள்.

ஃபைல் இரண்டு இடத்தில் இருக்கிறது என்பதால் தனி பேக்கப்பை நிறுத்திவிடாதீர்கள். ஒரு பக்கம் தவறி அழித்த ஃபோல்டர் மறுபக்கமும் அழியும், ரான்சம்வேர் பூட்டிய ஃபைலும் அதே வேகத்தில் அங்கே போய்ச் சேரும். வெளி டிஸ்க்கில் எடுத்த காப்பியைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள், அதிலிருந்து ஒரு ஃபோல்டரை அவ்வப்போது மீட்டுப் பாருங்கள்.